அரசு ஊழியருக்குப் பரிசா? முதலில் 20 டாலர் கணக்கைப் பாருங்கள்

அமெரிக்க மத்திய அரசின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்பவருக்கு உங்கள் நிறுவனம் ஏதாவது கொடுக்கப் போகிறதா? சின்னப் பரிசுக்கான சலுகை, ஒரு தடவைக்குச் சந்தை விலையில் 20 டாலர், ஒரு காலண்டர் ஆண்டுக்கு 50 டாலர் வரைதான். ரொக்கத்துக்கு அதுவும் கிடையாது.

பலர் சறுக்குவது இங்கேதான்: 28 டாலர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "மேற்கொண்டு 8 டாலர் மட்டும் நீங்கள் தந்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. பரிசைப் பெறும் ஊழியர் முழு விலையையும் தர வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும்.

அப்புறம், அந்த 50 டாலர், கொடுக்கும் ஆளுக்கு ஆள் தனியல்ல. மேலாளர் கொடுத்ததும் விற்பனைப் பிரிவு கொடுத்ததும் ஒரே நிறுவனக் கணக்கில் சேரும். அதனால் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலையில் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரே பதிவேடு வையுங்கள். கூட்டத்தில் வைக்கும் காபி, பிஸ்கட்டை இதில் எழுத வேண்டாம்; அவை பரிசில் சேராது.

காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்கும் அவர்களது ஊழியர்களுக்கும் விதி வேறு. பதிவு செய்த லாபியிஸ்டோ (ஒரு தரப்புக்காக அரசிடம் ஆதரவு திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்), அவரை அமர்த்தியிருக்கும் நிறுவனமோ கொடுத்தால் சின்னப் பரிசு என்ற சலுகையே இல்லை. மாநில அதிகாரி என்றால் அந்தந்த மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.