மலையகத்தில் சிறிய கடல்நீர்த் தொட்டி: புரோட்டீன் ஸ்கிம்மர் தெரிவு செய்வது எப்படி?

மிஞ்சிய தீனி, மீன் எச்சம் எல்லாம் கடல்நீர்த் தொட்டியில் கரைந்து, நாளடைவில் நைட்ரேட்டாகவும் பொஸ்பேட்டாகவும் மாறும். பஞ்சு ஃபில்டர் அந்தக் கழிவைப் பிடித்து வைத்துத் தொட்டிக்குள்ளேயே அழுக விடுகிறது. ஸ்கிம்மரோ அழுகும் முன்பே அதை வெளியே எடுத்துவிடும். அதன் குழாய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஓயாமல் எழும்பும். கழிவிலுள்ள புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாகி, கழுத்து வழியாக ஏறி, மேலேயுள்ள கோப்பையில் விழும். நன்னீரில் குமிழிகள் பெரிதாகி உடனே உடைந்துவிடுவதால், கப்பி வளர்க்கும் தொட்டிக்கு இது உதவாது.

சமவெளியில் உள்ளவர் பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் கணக்கைப் பார்த்தே வாங்கிவிடலாம். மலையகத்தில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு காற்று இழுக்கிறது, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்கிறது.

முதலில் தண்ணீரை அளங்கள்

நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டி என்றால் 76 × 38. விளிம்பிலிருந்து 4 சென்டிமீற்றர் குறைத்து நிரப்பினால் உயரம் 34. ஆக 98 லீற்றர். மணலும் கல்லும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் உண்மையில் 85 லீற்றர் அளவில்தான் தண்ணீர் இருக்கும்.

50 லீற்றருக்குக் குறைந்த தொட்டியில் ஓரிரு சின்ன மீன்கள்தான் என்றால் ஸ்கிம்மர் வாங்காதீர்கள். வாரம் 10 முதல் 15 வீதம் தண்ணீர் மாற்றினால் போதும். அந்தப் பணத்தை நல்ல ஹீற்றருக்குப் போடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் தண்ணீரை 25 பாகையில் வைத்திருக்க ஹீற்றர் இல்லாமல் முடியாது.

காற்று

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். 25 பாகைக் கடல்நீர் கரையோரத்தில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும் என்றால், நுவரெலியாவில் 5.4 அளவோடு நின்றுவிடும். ஹட்டனும் பண்டாரவளையும் இந்த இரண்டுக்கும் நடுவில். ஆகவே இங்கே ஸ்கிம்மருக்கு அழுக்கு எடுப்பது மட்டும் வேலை இல்லை, மீனுக்கு மூச்சுக் கொடுப்பதும் அதன் வேலைதான்.

அதனால் பெட்டியில் “200 லீற்றர் தொட்டிக்கு” என்றிருப்பதை விட, மணிக்கு எத்தனை லீற்றர் காற்று இழுக்கும் என்ற எண்ணைத் தேடுங்கள். மேலே சொன்ன தொட்டிக்கு 150 முதல் 250 வரை நல்லது. அந்த எண் போடப்படாவிட்டால், உங்கள் உண்மையான தண்ணீர் அளவைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குச் சொல்லப்பட்டதை எடுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். அகன்ற கழுத்து நிரம்பும் அளவுக்குக் கழிவு சேராது. நுரை கழுத்தின் பாதியில் நின்று உடைந்துவிடும்.

குளிருக்காக ஜன்னலைப் பூட்டி வைக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. அறையில் கரியமிலவாயு கூடி, ஸ்கிம்மர் அதையே இழுத்துத் தண்ணீரில் கரைக்க, 8.1க்கு மேல் இருக்க வேண்டிய பிஎச் இறங்கும். காற்றுக்குழாயோடு இன்னொரு மெல்லிய குழாயை இணைத்து ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். விறகடுப்பின் பக்கமோ கொசுவர்த்திப் பக்கமோ அந்த முனை இருக்கக் கூடாது.

எந்த வகை

அடியில் சம்ப் (தொட்டி நீர் வடிந்து வந்து திரும்ப மேலேறும் துணைத் தொட்டி) இல்லாத தொட்டிக்குப் பின்கண்ணாடியில் மாட்டும் வகைதான் வசதி. தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் 12 சென்டிமீற்றராவது வேண்டும். கண்ணாடித் தடிப்பையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சம்ப் இருந்தால் உள்ளே வைக்கும் வகை சிறந்தது, சிந்தினாலும் சம்புக்குள்ளேயே விழும். அதற்குரிய நீர்மட்டம் கையேட்டில் இருக்கும். பலவற்றுக்கு 15 முதல் 20 சென்டிமீற்றர். காற்றுப் பம்பும் மரக் கல்லும் (காற்றை நுண்குமிழியாக்கும் மரத்துண்டு) வைத்த வகை மலிவு. ஆனால் கல்லைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் குமிழி பெருத்துவிடும். இயலுமானால் ஊசிச்சக்கரப் பம்ப் (சுழலியிலுள்ள ஊசிகள் காற்றை நுண்குமிழிகளாக வெட்டும் பம்ப்) உள்ளதை எடுங்கள்.

பம்ப் லேபலில் 220–240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 60 ஹேர்ட்ஸ் பம்ப் நம் கரண்டில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், காற்றும் குறையும். 5 வோட்ஸ் பம்ப் இரவுபகலாக ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான்.

கரண்ட் போனால்

தென்மேல் பருவமழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால், தோட்டப் பக்கங்களில் கரண்ட் வர மணிக்கணக்காகும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மூன்று கோளாறுகள் நடக்கும். ஒன்று, நின்ற பம்ப் திரும்பச் சுற்றாது. அச்சில் சுண்ணாம்பு படிந்திருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கும். இரண்டு, சம்பில் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் ஸ்கிம்மர் பொங்கிக் கோப்பையை நிரப்பிவிடும். மூன்று, காற்றுக்குழாயின் முனை தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கினால், பம்ப் நின்றதும் அதன் வழியே தண்ணீர் தரைக்கு வடியும். முனையை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே கட்டிவையுங்கள். வாங்கியதும் சுவிட்சைப் பத்துமுறை போட்டு அணைத்துப் பாருங்கள்; ஒருமுறை தயங்கினாலும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் கட்டாயம். ஒட்சிசன் குறைந்த இந்த உயரத்தில் அதைத் தள்ளிப்போட முடியாது.

ஓட விட்ட பிறகு

முதல் வாரம், சில வேளை இரண்டு வாரம், நுரை ஒழுங்காக வராது. புதுப் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பூச்சு போகும் வரை அப்படித்தான். நுரையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை அடிக்கடி திருப்பாமல், கழுத்தின் அடியில் குமிழிகள் உடையும்படி வைத்துவிடுங்கள். பிறகு ஒரு நாளுக்கு ஒருமுறை சிறிதளவே மாற்றுங்கள்.

கோப்பையில் சேர்வது பிளேன்டீ நிறத்துக்கு வர வேண்டும். வெளிறிய தண்ணீராகத் தினமும் நிரம்பினால் உப்பும் சேர்ந்து வீணாகிறது: நாளுக்கு 200 மில்லிலீற்றர் போனால் மாதம் 6 லீற்றர், அதாவது கிட்டத்தட்ட 220 கிராம் உப்பு. கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வசதியில்லாத நமக்கு இது சின்னச் செலவல்ல. கோப்பையில் போன அளவுக்கு உப்புக் கலந்த நீரையே திரும்ப ஊற்றுங்கள். ஆவியாகிப் போனதற்கு மட்டும் நன்னீர். இரண்டுக்கும் நன்னீரே ஊற்றினால் 1.025இல் இருக்க வேண்டிய அடர்த்தி மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

கழுத்தின் உட்புறத்தில் வழுவழுப்பான பழுப்புப் படை பிடித்தால் நுரை ஏறாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய பல்தூரிகையால் தேய்த்து, சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மருந்தோ நீர்ப் பதப்படுத்தியோ ஊற்றினால் ஸ்கிம்மர் கட்டுக்கடங்காமல் பொங்கும். அன்று கோப்பையைக் கழற்றியோ காற்றைக் குறைத்தோ விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணிநேரம் ஊறவிட்டு, காற்று நுழையும் சிறு துளையை மெல்லிய தூரிகையால் துப்புரவாக்கி, நன்றாக அலசிய பின் மாட்டுங்கள்.