கடலோர என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்குப் போகிறீர்களா?

ராமநாதபுரம் கடற்கரையில் ஏழு நாள் முகாம் என்றால், முதல் நாளே துடைப்பத்தைத் தூக்காதீர்கள். காலையில் கரைக்குப் போய், வலையிலிருந்து மீன் கழிப்பவர்களின் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். எந்தக் காற்று அடிக்கிறது என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வரும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா பக்கமும், வாடைக்காற்றில் பாக் நீரிணை பக்கமும் கடல் கொந்தளிக்கும். பாம்பன் பக்கம் போனால், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்களிடமும் பேசுங்கள். அவர்கள் சொல்வதை அன்று இரவே நோட்டில் எழுதிவிடுங்கள். முகாம் அறிக்கைக்கு அதுதான் சரக்கு; குழுப் படம் அல்ல.

அப்புறம், கரையில் கிடக்கும் பழைய வலை எல்லாம் குப்பை இல்லை. நாங்கள் ஒருமுறை மூட்டை கட்டி, பிறகு ஒரு அண்ணாச்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டு அவிழ்த்தோம். கேட்டுவிட்டு எடுங்கள்.

செத்த பவளத் துண்டைக்கூட நினைவுக்கு என்று பையில் போடாதீர்கள். பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதம் பாருங்கள்.