ஜிப்ரால்டரில் இன்று பறவைகள் கடல் தாண்டுமா? காற்றை வைத்துக் கணிக்கும் முறை

ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால், ஸ்பெயினின் தரிஃபா கரையிலிருந்தே மொராக்கோவின் ஜெபல் மூஸா மலை தெரியும். இருந்தும் இலையுதிர் வலசையில் பருந்துகளும் செங்கால் நாரைகளும் இந்தக் கரையில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதுண்டு. அவற்றைத் தடுப்பது காற்று.

இவை வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சரிந்து மிதந்து போகிறவை. இந்தக் கடல்மேல் ஏறிப்போக அப்படிப்பட்ட வெப்பக்காற்று கிடைக்காது. 1 மீட்டர் இறங்கினால் 12 மீட்டர் முன்னேறும் பறவை, 600 மீட்டர் உயரத்தில் கரையை விட்டால், காற்றே இல்லாத நாளில் 7.2 கிலோமீட்டர் மிதக்கும். மீதிப் பாதிக்குச் சிறகடித்தே ஆகவேண்டும். கள்ளப்பருந்துக்கு அது முடியும். 7, 8 கிலோ எடையுள்ள கிரிஃபான் பாறுவுக்கு (பிணந்தின்னிக் கழுகு) அதுதான் பெரும்பாடு.

1. திசையைச் சரியாகப் படியுங்கள்

வானிலை அறிக்கையில் ‘கிழக்கு’ என்றால் கிழக்கிலிருந்து வரும் காற்று. நாம் கொண்டல், வாடை என்று சொல்வதும் இந்த முறையில்தான். ஆனால் பல செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டும். புதியவர்கள் தலைகீழாகக் கணிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இங்கே முக்கியமான காற்றுகள் இரண்டு: கிழக்கிலிருந்து லெவாந்தே, மேற்கிலிருந்து போனியெந்தே. பறவை போவது தெற்கே என்பதால் இரண்டுமே பக்கக்காற்றுதான். இவற்றில் லெவாந்தேயே அதிகம் அஞ்சத்தக்கது. இருபுறமும் உள்ள மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்டு, தரிஃபா பக்கம் வேகமெடுக்கும். பறவையைத் தள்ளுவதும் அட்லாண்டிக்கை நோக்கி. அங்கே நீரிணையின் வாய் 40 கிலோமீட்டருக்கும் மேல் அகலம்.

2. வேகத்தை ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கைப் பாதியாக்கினால் ஏறக்குறைய விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை 3.6-ஆல் வகுக்க வேண்டும். தரைநிலையக் காற்றை மட்டும் நம்பாதீர்கள், பறவை பறக்கும் உயரத்தில் வேகம் கூடுதல். 925 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்துக்கான முன்கணிப்பையும் பாருங்கள். அது கடலுக்கு மேலே சுமார் 750 மீட்டர். காற்று 45 பாகை சாய்வாக வந்தால் வேகத்தை 0.7-ஆல் பெருக்குங்கள். பக்கவாட்டுப் பங்கு கிடைக்கும். எதிர்ப்பங்கோ பின்பங்கோ அதே அளவுதான்.

3. கணக்குப் போடுங்கள்

பறவையின் சொந்த வேகம் விநாடிக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் 14 கிலோமீட்டருக்கு சுமார் 19 நிமிடம். பின்காற்று விநாடிக்கு 6 மீட்டர் என்றால் 13 நிமிடம். அதே 6 எதிரே வந்தால் 39 நிமிடம், மிதக்கும் தூரமும் 3.6 கிலோமீட்டராகப் பாதியாகிவிடும்.

இனி பக்கக்காற்று விநாடிக்கு 8 மீட்டர். பறவை மூக்கை நேர்தெற்கே வைத்தால் அதே 19 நிமிடத்தில் 9 கிலோமீட்டருக்கும் மேல் ஒதுங்கிப்போகும். நேர்கோட்டில் போக நினைத்தால் காற்று வரும் பக்கம் 42 பாகை திரும்பிப் பறக்க வேண்டும். 12-இன் வர்க்கத்திலிருந்து 8-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 8.9. அதுதான் தெற்கு நோக்கிய வேகம், ஆக 26 நிமிடம். பக்கக்காற்று 12-ஐத் தொட்டால் நேர்கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. பலத்த காற்று நிலத்தின்மேல் எழும் வெப்பக்காற்றையும் சிதைத்துவிடுவதால், புறப்படும் உயரமே குறைந்துபோகும்.

கடலைப் பார்த்தே ஓரளவு மதிப்பிடலாம். வெண்ணுரை அங்கங்கே தெரிந்தால் காற்றின் வேகம் விநாடிக்கு 4, 5 மீட்டர். கடல் முழுக்க வெண்ணுரை என்றால் 8 அல்லது அதற்கும் மேல். கனத்த பறவைகள் கிளம்பாது.

4. நிற்கும் இடம்

போனியெந்தே வீசினால் பறவைகள் கிழக்கே ஒதுங்கும்; அல்ஹெசிராஸ் நகருக்கு அருகே எல் அல்கரோபோ என்ற பார்வையிடத்துக்குப் போங்கள். லெவாந்தே என்றால் தரிஃபாவுக்கு மேலே கசாயா என்ற பார்வையிடம். லெவாந்தே மிகப் பலமாக இருந்தால் கடக்கும் பறவைகள் குறைவுதான், கரையோரம் சுற்றும் கூட்டம்தான் மிஞ்சும். கிளம்பித் திரும்புகிறவற்றை ஒவ்வொரு முறையும் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும். கடல்மேல் மறைந்ததைக் கூட்டுங்கள், திரும்பி வந்ததைக் கழியுங்கள்.

5. நாள்

நாரையும் கள்ளப்பருந்தும் ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் வரை. தேன்பருந்து ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் தொடக்கம். பாறு அக்டோபர், நவம்பர். பல நாள் அடித்த லெவாந்தே தணியும் முதல் காலையை விடாதீர்கள். தேங்கி நின்ற கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். அன்று வெயில் ஏறி இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் இடத்தில் இருங்கள்.