ஆன்மாவுக்கு ஆண், பெண் இல்லை என்பதை வீட்டில் கூடிப் படிக்கும் முறை

பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்வதற்காக, அதாவது நூல்திரி ஏற்றிய மாவை வாங்கி உண்ணும் சடங்குக்காக, செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் குடும்பம் முழுவதும் கூடுகிறது. நோன்பு முடிந்த அந்த மாலையே இந்தப் படிப்புக்கு ஏற்றது. ஆண்கள் முகப்பிலும் பெண்கள் இரண்டாம் கட்டிலுமாகப் பிரிந்து உட்காரும் பழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிட்டு, அப்பத்தா முதல் பள்ளிக்குச் செல்லும் பேத்தி வரை எல்லோரும் வீட்டின் நடு முற்றமான வளவில் ஒரே ஜமுக்காளத்தில் அமரவேண்டும். அடுப்படி வேலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பெண்கள் நடுவில் எழுந்து செல்லவேண்டியிருந்தால், இந்தப் படிப்பை நடத்துவதில் பொருளில்லை.

முதலில் சைவ சித்தாந்தத்தின் தலைமை நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவை வீட்டின் இளைய பெண் உரக்கப் படிக்கட்டும். பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட அந்நூலில், உடம்பின் வேறாக ஆன்மா உண்டு என்பதற்குக் காட்டப்படும் காரணங்களுள் ஒன்று 'எனதுடல் என்றலின்' என்பது. படித்தவளையே 'என் கை, என் கண், என் உடம்பு' என்று சொல்லச் செய்து, அப்படி உடைமையாகச் சொல்வது யார் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவள் யோசித்து முடித்தபின் முதல் நூற்பாவுக்குச் செல்லலாம். 'அவன் அவள் அது' என்று அங்கே சுட்டப்படுவது தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகம். ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துச் சொல்லப்படுவது அந்த உலகத்தைச் சேர்ந்த உடம்பே. ஆன்மாவோ தோற்றமும் அழிவும் இல்லாதது என்பது சித்தாந்தத்தின் துணிபு. ஆன்மா பெண்ணுமன்று, ஆணுமன்று, அலியுமன்று, எந்த உடம்பை எடுக்கிறதோ அதனோடு சேர்ந்திருக்கிறது என்று சுவேதாசுவதர உபநிடதமும் கூறுகிறது.

இதுவரை எல்லோரும் தலையசைப்பார்கள். பிறகுதான் வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஆன்மா சமம்தான், ஆனால் இந்தப் பிறவியில் உடம்பு வேறு, ஆகவே கடமையும் வேறு" என்பார். இந்த இடத்தில் அவசரப்படாமல் நெடுநேரம் நின்று பேசவேண்டும். ஏனெனில் சமத்துவத்தை வாயால் ஒப்புக்கொண்டு கையால் மறுப்பதற்கு நம்மிடையே பயன்படும் வாதம் இதுவே. அவருக்குக் கணக்குப்பிள்ளையின் மொழியில் விடை சொல்லுங்கள். ஒரு பெண் செய்த வினை அவளுடைய பேரேட்டிலேயே பற்றாகவும் வரவாகவும் ஏறுகிறது. தகப்பனோ கணவனோ மகனோ அவளுக்காக அந்த வினைப்பயனை நுகர முடியாது என்று நாம் நம்புகிறோம். பயனைத் தனியே நுகரவேண்டியவளிடமிருந்து, செயலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை மட்டும் இன்னொருவர் எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் நேராகும்? 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊராகச் சொல்லப்படுவது நம் பக்கத்து மகிபாலன்பட்டிதான். அந்த அடியை ஆண்களுக்கு மட்டும் உரியதாக அவர் பாடவில்லை. ஆன்மா அழியாதது என்றால், பெண்ணைப் பிறரை மகிழ்விப்பதற்காக மட்டும் வளர்ப்பது தகாது, அவளது பகுத்தறிவை வளர்க்கவேண்டும் என்று இங்கிலாந்தில் எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் வாதிட்டதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

அடுத்து நம் மரபையே சான்றாக வையுங்கள். நகரத்தார் ஆண்கள் பாதரக்குடி மடத்திலும் பெண்கள் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறுவது வழிவழியாக வந்த முறை. இன்னாருடைய மனைவி என்பதற்காக அல்லாமல், தானே வீடுபேற்றுக்கு உரிய ஓர் ஆன்மா என்பதால்தான் நகரத்தார் பெண்ணான ஆச்சிக்கு அங்கே மந்திரம் சொல்லப்படுகிறது. ஆனால் கோயிலில் புள்ளி, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு, எண்ணும்போது, திருமணமான ஆணின் குடும்பமே ஒரு புள்ளியாகிறது. எங்கள் அப்பத்தா உபதேசம் பெற்றவர். நாள் தவறாமல் ஐந்தெழுத்தை ஓதியவர். அவர் பிறந்த வீட்டைப் பங்கிட்டபோது அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

நேரமிருந்தால் காரைக்கால் அம்மையார் வரலாற்றையும் சொல்லுங்கள். வணிகர் குலத்தில் பிறந்த அவரைக் கணவனே விழுந்து வணங்கினான்; இறைவனே 'அம்மையே' என்று அழைத்தான். கோயில்களில் நாயன்மார் வரிசையில் அவர் மட்டும் அமர்ந்திருப்பதைப் பிள்ளைகளை நேரில் அழைத்துச் சென்று காட்டினால் அது நெஞ்சில் பதியும்.

எழுந்திருப்பதற்கு முன், வீட்டில் இதுவரை ஆண்கள் மட்டுமே முடிவுசெய்துவரும் மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். மகளின் மேற்படிப்பு, வரனுக்கு அவள் தரும் சம்மதம், பூர்வீக வீட்டில் அவளது பங்கு ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். பங்கைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் மகளுக்குச் சம உரிமை வழங்கப்பட்டது. ஆகவே அதில் கேள்வி, யார் அவளிடம் கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்பதல்ல, அவள் என்ன விரும்புகிறாள் என்பதே. ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரே, அதைப் பற்றி முதலில் பேசவேண்டிய பெண்ணின் பெயரை எழுதி, அந்தத் தாளைச் சாமி அறையில் வையுங்கள். அடுத்த கூட்டம் அதைப் பிரித்துப் படிப்பதில் தொடங்கட்டும்.