பிரஸ் நோட்டும் போட்டாச்சு, படமும் அனுப்பியாச்சு. செய்தி ஏன் வரவில்லை?

மாலை ஆறரை மணி. நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் மாவட்டப் பக்கங்கள் முடிகிற நேரம். அப்போதுதான் போனில் வரிசையாக இருபத்திரண்டு படங்கள் வந்து விழும். எல்லாம் ஏதோ ஒரு குளத்தைத் தூர்வாரிய படங்கள். எந்தக் குளம், எந்த ஊர், யார் செய்தார்கள், என்றைக்குச் செய்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் மட்டும் ஒரு கேள்வி இருக்கும்: "சார், நாளைக்கு வந்துரும்லா?"

செய்தி மேசையில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு மகளிர் குழுக்கள், கல்லூரிகள், குளம் காக்கும் இளைஞர்கள் என்று கேட்கிறவர்களுக்குச் செய்திக்குறிப்பு, அதாவது பிரஸ் நோட், தயாரித்துக் கொடுக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். நல்ல வேலை செய்கிற பலருடைய செய்தி, அதை அனுப்புகிற விதத்தால்தான் வராமல் போகிறது. செய்திக்குறிப்பை வாங்குகிறவர் நம்மைத் திரும்பக் கூப்பிடாமலேயே அதை எடுத்துப் போட முடிய வேண்டும். இதை மறக்கும்போதுதான் மற்ற தவறுகள் எல்லாம் வருகின்றன.

1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஐவி லீ, நடந்ததை மறைக்காமல் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் சொல்வது அதைத்தான். நூறு ஆண்டு கழித்து, 2006-இல், டாட் டெஃப்ரன் என்கிற மக்கள் தொடர்பு ஆலோசகர் சமூக ஊடகக் காலத்துக்கு ஏற்ற ஒரு மாதிரியை வெளியிட்டார். தகவல் தனியாக, யார் என்ன சொன்னார் என்பது தனியாக, படம், வீடியோ, இணைப்பு ஒவ்வொன்றும் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் மல்டிமீடியா என்றதும் படத்தையும் வீடியோவையும் கூடச் சேர்த்து அனுப்புவது என்று புரிந்துகொண்டோம். பிரித்து வைக்க வேண்டும் என்கிற பாதி விட்டுப்போய்விட்டது.

படத்திலிருந்து தொடங்குகிறேன். அதிகம் கெட்டுப்போவது அதுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது தன் வசதிக்குப் படத்தைச் சுருக்கிவிடும். போன் திரையில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் அச்சுக்குப் பொதுவாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆறு அங்குல அகலத்தில் ஒரு படம் வரவேண்டும் என்றால் 1800 பிக்சல் அகலம் தேவை. சுருங்கிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முகங்கள் மாவு பூசியதுபோல ஆகிவிடும். அதே படம் ஒரு குரூப்பிலிருந்து இறக்கப்பட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டு, இன்னொருவர் வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம். எச்டி என்று தேர்ந்தெடுத்தால் ஓரளவு தேறும். 'டாக்குமெண்ட்' ஆக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். இரண்டு விநாடி வேலை. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு குழுவின் படம் முதன்முறையாக நான்கு பத்தி அகலத்தில் வந்ததைப் பார்த்தபோது அவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

சரி, படம் தெளிவாக வந்துவிட்டது. படத்தில் என்ன இருக்கிறது? பத்துப் பேர் வரிசையாக நின்று பொன்னாடை போர்த்துகிறார்கள். பின்னால் ஃபிளெக்ஸ். குளத்தைக் காணோம்! ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த நீரையும், அது நீங்கிய பிறகு அதே இடத்தில் நின்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். வேலை தொடங்குகிற அன்றைக்கே ஒரு கல்லையோ மரத்தையோ அடையாளம் வைத்து முதல் படத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு அதைத் தேட முடியாது. பொன்னாடைப் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவர்களுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். அதை முகநூலில் போடுங்கள், அவர்களுக்கு அனுப்புங்கள். பத்திரிகைக்கு முதல் படம் அதுவாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

படங்களை ஒரே சட்டத்துக்குள் ஒட்டிக் கொலாஜ் செய்வது, ஓரத்தில் பூ வேலை போடுவது, செய்தி முழுவதையும் போஸ்டராக வடிவமைத்து அதையே பிரஸ் நோட் என்று அனுப்புவது ஆகியவையும் இதே வகைதான். போஸ்டரில் இருக்கிற எழுத்தை எடுத்துப் போட முடியாது. மேசையில் இருப்பவர் அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஆறரை மணிக்கு யார் அடிப்பார்கள்? படத்துக்கு விளக்கம் இல்லாததும் அதே அளவு கெடுதல். ஒவ்வொரு படத்துக்கும் இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், தேதி, எடுத்தவர் பெயர் என்று இரண்டு வரி போதும்.

எழுத்துக்கு வருவோம். இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து அப்படியே அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற ஒருங்குறியை (யூனிகோடை) தமிழ்நாடு அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டது. போனில் அடிக்கிற தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். பழையதை மாற்றித் தரும் செயலிகளும் இருக்கின்றன. பிடிஎஃப் மட்டும் அனுப்புவதையும் தவிருங்கள். தமிழ்ப் பிடிஎஃபிலிருந்து பிரதி எடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். லெட்டர்பேடில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் பிடித்து அனுப்புவது ஒரு சான்றாக இருக்கட்டும். கூடவே அதே செய்தியை மின்னஞ்சலின் உடம்பிலும் வெறும் எழுத்தாக ஒட்டிவிடுங்கள்.

பெயர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் இசக்கியம்மாள் என்ற பெயர் சென்னையில் தமிழாக்கும்போது எசக்கியம்மாள் ஆகிவிடும். தன் பெயர் முதன்முதலாகப் பத்திரிகையில் வருகிற ஒரு பெண்ணுக்கு அது பிழையாக வந்தால் எப்படி இருக்கும்? ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஏர்வாடி என்று மட்டும் எழுதினால் களக்காட்டுப் பக்கத்து ஏர்வாடியா, ராமநாதபுரத்து தர்கா ஏர்வாடியா? நமக்கு 'டவுன்' என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதி. வெளியூர்க்காரருக்கு எந்த டவுன் என்று தெரியாது. அம்பை, பாளை என்பதெல்லாம் நமக்குள் சொல்லிக்கொள்வது. முதல் முறை அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை என்றே எழுத வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. இன்றைக்கும் குற்றாலத்தையும் சங்கரன்கோவிலையும் திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டு வரும் குறிப்புகளைப் பார்க்கிறேன். 'தாமிரபரணிக் கால்வாய் சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு முறை வந்தது. பாளையங்கால்வாயா, நெல்லைக் கால்வாயா, கோடகன் கால்வாயா? அந்தக் கால்வாயில் தண்ணீர் பாய்கிற வயல்காரர் அதைத்தான் முதலில் தேடுவார்.

தகவலுக்குப் பதிலாகப் புகழ்ச்சியை நிரப்புவதும் இங்கே அதிகம். பத்தமடைப் பாய் பற்றி ஒரு குழு எழுதிய குறிப்பில் 'உலகப் புகழ்பெற்ற' என்பது மூன்று இடத்தில் இருந்தது. ஒரு பாய் பின்ன எத்தனை நாள் ஆகிறது, கோரை எங்கிருந்து வருகிறது, விலை என்ன, எங்கே வாங்கலாம் என்று ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டபோது கோரையை ஊறவைப்பதிலிருந்து சாயம் ஏற்றுவது வரை ஒரு மணி நேரம் சொன்னார்கள். அவ்வளவு விவரத்தையும் கையில் வைத்துக்கொண்டு 'உலகப் புகழ்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பின்னும்போது கை அசைவதை முப்பது விநாடி எடுத்தாலே அது எந்த அடைமொழியையும்விடப் பெரியது.

வீடியோ என்றதும் எட்டு நிமிடம், ட்ரோன் காட்சி, பின்னணியில் சினிமாப் பாட்டு. தொலைக்காட்சிக்காரர் அதில் எதையும் எடுக்க முடியாது. பாட்டுக்கு உரிமை வேறு யாரிடமோ இருக்கிறது. யூடியூபில் போட்டால் உரிமைக் கோரல் வரும். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருந்தால் பல பாட்டுகள் கிடைக்கவே கிடைக்காது. பாட்டில்லாமல், இடத்தின் சொந்தச் சத்தத்தோடு, பத்துப் பத்து விநாடித் துண்டுகளாக ஐந்தாறு காட்சிகள் கொடுங்கள். பேசுகிறவரின் பேட்டி தனிக் கோப்பாக இருக்கட்டும். தொலைக்காட்சிக்குப் போனைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும், ரீல்ஸுக்குச் செங்குத்தாக. ஒன்றை வெட்டி இன்னொன்றாக்கினால் ஆளின் பாதி போய்விடும். உங்கள் லோகோவைப் படத்தின் மேல் பதிக்காதீர்கள். முகநூலில் போடும் வீடியோவில் பேச்சைத் தமிழ் எழுத்தாகக் கீழே ஓடவிடுங்கள், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய.

கோப்புகளைக் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு அனுப்பும்போது 'இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்று மாற்றாமல் விடுவது தினம் தினம் நடக்கிறது. அங்கே திறந்தால் அனுமதி கேட்கச் சொல்லும். அனுமதி கேட்டு மின்னஞ்சல் வரும்போது நீங்கள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பீர்கள். அனுப்புவதற்கு முன் அந்த இணைப்பை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள்.

இனி தேதி. இதை நான் மனவேதனையோடுதான் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பல இடங்களில் போன் தொடர்பே இல்லை. அந்த நாட்களில் உதவி கேட்டு வந்த செய்திகளில் தேதியும் நேரமும் இல்லாதவை ஏராளம். மீட்கப்பட்டுவிட்ட வீட்டுக்கு ஆள் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். உண்மையாகவே தண்ணீரில் இருந்தவர்களுக்கான நேரம் அதில் போயிற்று. வேறு ஆண்டு, வேறு ஊர் வெள்ளப் படங்களும் நடுவே சுற்றின. ஃபார்வர்டு ஆகிற செய்தியில் முதலில் அனுப்பியவர் யார் என்பது தொலைந்துபோகும். 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடியும், 2020-இல் பலமுறை ஃபார்வர்டு ஆனதை ஒரே ஒரு சாட்டுக்கு மட்டும் அனுப்பும்படியும் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு கொண்டுவந்தது. எனவே தேதி, நேரம், ஊர், அனுப்பும் அமைப்பின் பெயர் நான்கும் செய்தியின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். நிலைமை மாறினால் பழைய பதிவை அப்படியே விட்டுவிடாமல் அதன் தலையிலேயே 'மீட்கப்பட்டனர், இரவு 8.10' என்று சேர்க்க வேண்டும். தவறான தகவல் கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். எது தவறு, எது சரி என்று அதே இடத்தில் எழுதுங்கள். அதற்குள் அதை நம்பி யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள்.

நிவாரணம் கொடுத்த படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்குகிற அம்மாவைக் கேமராவைப் பார்க்கச் சொல்லி நிறுத்துகிறோம். அந்தப் படம் அவள் பேத்தியின் போனுக்கும் வரும். கேட்டு, சரி என்று சொன்னால் மட்டும் முகத்தைக் காட்டுங்கள். கையும் பையும் தெரிந்தால் போதும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் தடை செய்கிறது. உதவி செய்த அமைப்பின் குறிப்பிலிருந்தே அப்படி ஒரு அடையாளம் கசிந்துவிடக் கூடாது.

யூடியூபர்களுக்குக் காசோ பொருளோ கொடுத்து வீடியோ போட்டால் அது விளம்பரம் என்று அதிலேயே சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் இதற்கு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அல்வாக் கடையாக இருந்தாலும் இதுதான்.

அப்புறம், நிருபரை வரச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் முகநூல் லைவில் காட்டிவிடுவது. வண்ணார்பேட்டையிலிருந்து வெயிலில் பைக் ஓட்டி வந்தவருக்கு எழுத என்ன மிச்சம்? லைவ் போடலாம். அவருக்கென்று ஒரு தகவலையோ, அங்கே வேலை செய்தவரோடு பத்து நிமிடப் பேச்சையோ தனியாக வைத்திருங்கள்.

குறிப்பின் அடியில் தொடர்புக்கு என்று ஒரு பெயரும் எண்ணும் போடுகிறோம். பெரும்பாலும் தலைவருடைய எண். அவர் அன்று மாலை கல்யாண வீட்டில் இருப்பார், போன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருக்கும். மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை போனை எடுக்கக்கூடிய, குறிப்பில் இருக்கிற எல்லா விவரமும் தெரிந்த ஒருவருடைய எண்ணைப் போடுங்கள். நயினார்குளத்துப் பக்கம் நான் உதவிய ஒரு குழுவில் அந்தப் பொறுப்பைக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள், யார் கூப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுத. இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் அடுத்த குறிப்பில் அதற்கான பதில் முதல் பத்தியிலேயே இருக்கும்.