எச்.ஐ.வி.யுடன் வாழும் இளம்பெண்களின் குழந்தை ஆசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறக்கும்போதே தொற்றைப் பெற்று வளர்ந்தவரோ, திருமணத்துக்குப் பின் பெற்றவரோ, இளம்பெண்ணுக்குத் தாயாகும் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் வாய்விட்டுச் சொல்லாததே தவறுகளில் பெரியது. திட்டுவார்களோ என்று தயங்கிக் கருவுற்றபின் போவதைவிட, முன்பே சொல்லுங்கள். ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்து, அது அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்கலாம். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், தொற்றில்லாத கணவருக்கு உடலுறவு வழியாகப் பரவாது.

நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவது அடுத்த தவறு. மருந்து வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கருத்தரிக்கும் முன்பிருந்தே வைரஸை அடக்கி வைத்திருந்தால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போகிறது. எச்.ஐ.வி.க்குத் தரும் டொலுடெகிராவிர் என்ற மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமோ என்று 2018இல் ஓர் அச்சம் எழுந்தது உண்மைதான். 2019இல், கருவுறக்கூடிய பெண்களுக்கும் அதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பின்னர் வந்த விரிவான தரவுகளில் அந்த அச்சம் நிலைக்கவில்லை.

எச்.ஐ.வி. இருப்பதாலேயே சிசேரியன் கட்டாயமில்லை.

பிரசவத்துக்குப் பின் நடக்கும் தவறு பெரும்பாலும் பாசத்தால் நடப்பது. பாட்டி சேனை வைப்பார். சர்க்கரைத் தண்ணீர், பசும்பால் என்று ஆளுக்கொன்று புகட்டுவார்கள். தாய்ப்பால் கொடுக்க முடிவெடுத்தால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. கலந்து கொடுத்தால் பச்சைக் குழந்தையின் குடல் புண்பட்டு, வைரஸ் நுழைய வழியாகலாம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் பிரசவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். காரணத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் “டாக்டர் சொல்லியிருக்கிறார்” என்பதே போதும்.

கருவைக் கலைத்துவிடு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள் என்று யாராவது நெருக்கினால் பணிந்துவிடாதீர்கள். தொற்றுள்ள கர்ப்பிணிக்கு, விவரம் அறிந்து அவர் தரும் சம்மதம் இல்லாமல் இரண்டையும் செய்யக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கக் குழந்தைக்குத் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்ததும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் தாய்ப்பால் தொடரும்வரை தொற்றும் வாய்ப்பும் தொடர்கிறது. பதினெட்டாவது மாதப் பரிசோதனைக்கும், அதற்குப் பிறகும் பால் கொடுத்தால் அதை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும், குழந்தையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.