பழைய மல்யுத்த வீரரின் ஆட்டப் பட்டியலைத் தொகுப்பது எப்படி?

1948இல் போட்டி அமைப்பாளர்களின் கூட்டணியான என்.டபிள்யூ.ஏ. (நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ்) உருவானபின் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து நடந்தது. ஆகவே முதலில் வீரரின் மேடைப் பெயர்களை ஊர்வாரியாக எழுதுங்கள். வட்டாரம் மாறினால் பெயரும் மாறியிருக்கலாம். முகமூடி வீரர் என்றால் கூடுதல் கவனம் தேவை, ஒரே முகமூடியைப் பலர் அணிந்ததுண்டு.

அடுத்து உள்ளூர் நாளிதழ்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். விளம்பரம் வெறும் அறிவிப்பு. காயம், பனிப்புயல் என்று கடைசி நேரத்தில் ஆள் மாறுவது சகஜம். பிந்தைய இதழில் முடிவு வந்திருந்தால் மட்டும் 'நடந்தது' என்று குறியுங்கள்; இல்லையேல் 'அறிவிக்கப்பட்டது' போதும்.

பட்டங்களையும் அப்படியே நம்பாதீர்கள். 1979இல் ரியோ டி ஜெனிரோ தொடரில் வீரர் பாட் பேட்டர்சன் இன்டர்காண்டினென்டல் பட்டம் வென்றதாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனத்தார் அறிவித்தார்கள். அப்படியொரு தொடர் நடக்கவே இல்லை. தேதி, ஊர், அரங்கம் கிடைக்காத வெற்றிகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.